தண்ணீர் பில்லோடு மழைநீர்க் கட்டணமும்: இரண்டு நகரங்களும் கவுன்ட்டியும் சேர்ந்து வசூலிப்பது சரிதானா?

வேலவன்_சி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சிறிய நகரமும் பக்கத்து நகரமும் கவுன்ட்டியோடு (மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி அரசு) ஓர் ஒப்பந்தம் போடப் போகின்றன. மழைநீர்க் கட்டணம் எவ்வளவு என்பதை இரண்டு நகரங்களும் தனித்தனியாகத் தீர்மானிக்கும். பில் அனுப்புவது, பணம் வாங்குவது, பாக்கியைக் கேட்பது எல்லாம் கவுன்ட்டியின் தண்ணீர் ஆணையத்தின் வேலை. வசூலித்த பணத்தில் ஒரு பங்கைச் செலவுக்குப் பிடித்துக்கொண்டு மீதியை அந்தந்த நகரத்துக்கு அனுப்பிவிடும். வரைவை நகரத்தின் தளத்தில் போட்டிருக்கிறார்கள். விரைவில் பொது விசாரணை.

கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. எங்கள் ஊர் வடிகால் குழாய்கள் பழசு, ஒவ்வொரு பெருமழைக்கும் சாலை உள்வாங்குகிறது, பணம் தேவைதான். அதைத் தண்ணீர் பில்லில் சேர்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை. மழைநீர்க் கட்டணம் கட்டாவிட்டால் குடிதண்ணீரை நிறுத்துவார்களா? பாதிப் பணம் கட்டினால் அது எந்தக் கணக்குக்குப் போகும்? வரைவில் இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லை. இப்படிக் கூட்டு பில் வரும் ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோபு_மேரிலாந்து

மழைக்குக் கட்டணம் என்பதையே நான் ஏற்கவில்லை. இங்கே மேரிலாந்தில் 2012-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, பெரிய கவுன்ட்டிகள் ஒன்பதும் பால்டிமோர் நகரமும் கட்டாயம் இந்தக் கட்டணத்தை வசூலிக்க வேண்டும் என்றது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'மழை வரி'. அடுத்த தேர்தலில் அதுவே பெரிய பேச்சானது. 2015-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது விருப்பப்பட்ட இடங்கள் மட்டும் வசூலிக்கின்றன.

அதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பணம் எதற்கு என்று சொல்லாமல் பில்லில் ஒரு தொகையைச் சேர்த்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். அதைத் தண்ணீர் பில்லுக்குள் வைத்தால் இன்னும் மோசம். தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டு கட்டுவார்கள் என்ற கணக்கு அது.

நீரோட்டம்

கோபு சார், உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் 'மழைக்குக் கட்டணம்' என்பது சரியான வர்ணனை இல்லை. நான் இந்தத் துறையில் பொறியாளர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் சதுர அடிக் கூரையின் மேல் ஓர் அங்குல மழை பெய்தால் கிட்டத்தட்ட 623 காலன் தண்ணீர். புல்தரை என்றால் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் போய்விடும். கூரை, டிரைவ்வே, தார் போட்ட பார்க்கிங் என்றால் ஏறக்குறைய முழுவதும் ஓடி வடிகாலுக்கு வரும். கூடவே எண்ணெய், உரம், நாய்க்கழிவு, டயர் தூள் எல்லாம் சேர்ந்து வரும். அதைத் தாங்குகிற குழாய், கால்வாய், தேக்கக் குட்டை இவற்றைக் கட்டுவதும் பராமரிப்பதும் ஒரு சேவை. ஆகவே கட்டணம் மழைக்கு இல்லை. நம் மனையிலிருந்து ஊருக்குள் நாம் அனுப்பும் தண்ணீருக்குத்தான்.

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974-லேயே இதைத் தனிச் சேவையாக அமைத்தது. நாட்டில் முதலில் செய்த ஊர்களில் அது ஒன்று. மற்ற ஊர்கள் பின்னால் வரக் காரணம் மத்தியச் சட்டம். 1972-ன் தூய நீர்ச் சட்டத்தை 1987-ல் திருத்தியபோது நகரங்களின் மழைநீர் வடிகால்களும், ஆறு ஏரிகளில் தண்ணீரை விட வாங்க வேண்டிய உரிமத்துக்குள் வந்தன. 1990-ல் வந்த விதிகள் ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள ஊர்களைப் பிடித்தன. 1999-ல் சிறிய நகரங்களையும் சேர்த்தார்கள். வேலவன் சொல்லும் ஊர் இந்த இரண்டாம் சுற்றில் வந்ததாகத்தான் இருக்கும். உரிமம் கட்டாயம், ஆனால் அதற்கான பணத்தை மத்திய அரசு கொடுக்கவில்லை. அதுவரை சொத்து வரியிலிருந்து எடுத்தார்கள். பள்ளியோடும் காவல்துறையோடும் போட்டி போட்டு வடிகால் எந்த வருஷமும் ஜெயித்ததில்லை.

அதனால்தான் மனையில் தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவு என்று அளந்து கட்டணம் போடும் முறை பரவியது. ஒரு சராசரி வீட்டின் அத்தகைய பரப்பை ஓர் அலகாக வைத்துக்கொள்வார்கள், ஈ.ஆர்.யூ. என்று பெயர். கடைக்காரரின் இடத்தில் அப்படி இருபது அலகு இருந்தால் இருபது மடங்கு. அலகின் அளவு ஊருக்கு ஊர் மாறும். வாஷிங்டன் டி.சி.யில் ஆயிரம் சதுர அடி, கிளீவ்லாந்து வட்டாரத்தில் மூவாயிரம்.

கோபு_மேரிலாந்து

விளக்கத்துக்கு நன்றி. அளந்து போடுவது நியாயம் என்று ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் பில்லில் ஏன் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சாந்தி_பில்லிங்

அதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு தண்ணீர் ஆணையத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பில்லில் எங்கள் பணம் தவிர கழிவுநீர், குப்பை, மழைநீர் என்று பிற அமைப்புகளின் பணமும் வருகிறது.

காரணம் செலவுதான். ஒரு சிறிய நகரம் தானே பில் அனுப்ப வேண்டுமானால் மென்பொருள், அச்சு, தபால், அட்டையில் கட்டினால் வங்கிக்குத் தரும் கழிவு, போன் எடுக்க ஆட்கள் என்று எல்லாம் வேண்டும். வீட்டுக்கு மாதம் சில டாலர்தான் கட்டணம் என்றால் அதில் கணிசமான பங்கு பில் அனுப்பவே போய்விடும். எங்கள் உறை எப்படியும் அந்த வீட்டுக்குப் போகிறது. அதில் இன்னொரு கட்டணத்தைச் சேர்க்க ஆகும் செலவு மிகச் சிறியது. தனியாக வரும் பில்லை ஜனங்கள் கட்டாமல் விடுவதும் அதிகம், தண்ணீர் பில்லைப் பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்.

இது புது யோசனையும் இல்லை. லூயிவில்லில் கழிவுநீரும் வடிகாலும் எம்.எஸ்.டி. என்ற தனி அமைப்பின் பொறுப்பு, ஆனால் அந்தக் கட்டணங்கள் லூயிவில் வாட்டர் கம்பெனியின் பில்லில்தான் வரும். சான் அன்டோனியோவில் மழைநீர்க் கட்டணம் நகரத்துடையது, வருவது சாஸ் என்ற தண்ணீர் அமைப்பின் பில்லில்.

ஆனால் எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் கணக்கு என்பது மீட்டரையும் அதற்குப் பணம் கட்டும் ஆளையும் சார்ந்தது. மழைநீர்க் கட்டணமோ மனையைச் சார்ந்தது. இரண்டும் ஒன்று இல்லை. ஒரே மனையில் நான்கு மீட்டர் இருக்கும். ஒரே மீட்டரில் நாற்பது வீடு இருக்கும். மீட்டரே இல்லாத மனை இருக்கும். சொந்தக் கிணறு வைத்திருப்பவர் எங்கள் கணக்கிலேயே வரமாட்டார். ஊர் எல்லையும் எங்கள் தண்ணீர் எல்லையும் பொருந்தாது, ஒரே தெருவில் பாதி வீடுகளுக்கு வேறு ஆணையத்தின் தண்ணீர் போகும். கவுன்ட்டியின் மனைப் பட்டியலையும் எங்கள் கணக்குப் பட்டியலையும் வரிக்கு வரி பொருத்தும் வேலைதான் இந்தக் கூட்டு ஏற்பாட்டின் உயிர். அதை அவசரத்தில் செய்த ஊர்களில் முதல் பில் அனுப்பிய மாதம் போனைக் கீழே வைக்க முடியாது.

வேலவன், உங்கள் வரைவில் அந்தப் பொருத்தும் வேலைக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? பாருங்கள்.

வேலவன்_சி

இப்போது மறுபடி பார்த்தேன். 'தரப்பினர் தேவையான தரவுகளைப் பரிமாறிக்கொள்வர்' என்று ஒரே வரி. அவ்வளவுதான்.

சாந்தி_பில்லிங்

அந்த ஒரு வரியில்தான் பிற்காலச் சண்டை எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. மனைப் பட்டியல் யாருடையது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வீடு இடித்தாலோ புதிதாகக் கட்டினாலோ யார் யாருக்குச் சொல்ல வேண்டும், தவறான அளவுக்குப் போன பணத்தை யார் திருப்பித் தருவது. இவை எல்லாம் எழுத்தில் வேண்டும்.

கோயில்_கணக்கு

வணக்கம். எங்கள் கோயில் கமிட்டியில் கணக்குப் பொறுப்பு என்னிடம். மீட்டரே இல்லாத மனை என்று சாந்தி அம்மா சொன்னது எங்கள் கதை. கோயில் கட்டடம் ஒரு மனை, பார்க்கிங் பக்கத்து மனை, அது பிறகு வாங்கியது. பார்க்கிங்கில் குழாய் கிடையாது. திடீரென்று அந்த மனைக்கென்று மழைநீர் மட்டும் போட்டு ஒரு பில் வந்தது. பழைய உரிமையாளரின் முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள், எங்கள் கைக்கு வந்தபோது தாமதக் கட்டணமும் ஏறியிருந்தது. யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. தண்ணீர் அலுவலகம் நகரத்தைக் கேள் என்றது, நகரம் தண்ணீர் அலுவலகத்தைக் கேள் என்றது.

நாங்கள் சொத்து வரி கட்டாத அமைப்பு. இது மட்டும் எப்படி எங்களுக்கு வரலாம் என்று கமிட்டியில் எல்லோருக்கும் மனக்கசப்பு.

நீரோட்டம்

வரும் சார். வரி விலக்கு வரிக்குத்தான், கட்டணத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. மத்திய அரசே தன் கட்டடங்களுக்கு இதைக் கட்டமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2011 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, நியாயமான மழைநீர்க் கட்டணத்தை மத்திய அலுவலகங்களும் கட்ட வேண்டும் என்று தெளிவாக்கினார்கள்.

உங்கள் பார்க்கிங் எவ்வளவு பெரிது என்று தெரியாது. கணக்குக்காக இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 87,120 சதுர அடி. ஓர் அங்குல மழையில் ஐம்பத்து நாலாயிரம் காலனுக்கு மேல் அந்த ஓரிடத்திலிருந்து வடிகாலுக்கு வருகிறது. குழாயில் ஒரு சொட்டும் வாங்காத மனை, ஆனால் வடிகாலின் பெரிய வாடிக்கையாளர் அதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தச் செலவை ஏற்றுவது சரியில்லை அல்லவா.

பில்லி_தமிழன்

இதற்கு எங்கள் பிலடெல்பியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. முன்பு இங்கே மழைநீர்க் கட்டணத்தைத் தண்ணீர் மீட்டரின் அளவை வைத்துப் போட்டார்கள். பெரிய மீட்டர் என்றால் பெரிய கட்டணம். அதனால் சின்ன இடத்தில் உயரமாகக் கட்டி நிறையத் தண்ணீர் செலவழிக்கும் கட்டடம் அதிகம் கட்டியது. மீட்டரே இல்லாத பெரிய பார்க்கிங் மைதானங்கள் ஒன்றுமே கட்டவில்லை. 2010-லிருந்து வீடு அல்லாத சொத்துகளுக்குப் படிப்படியாக, நான்கு வருஷத்தில், மனை அளவுக்கு மாற்றினார்கள். மொத்த மனைப் பரப்பையும் தண்ணீர் இறங்காத பரப்பையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, இரண்டாவதற்குத்தான் எடை அதிகம்.

சிலருக்குக் கட்டணம் குறைந்தது, சிலருக்குப் பல மடங்கு ஏறியது. ஏறியவர்கள் சத்தம் போட்டார்கள். படிப்படியாகச் செய்ததாலும் மண்ணில் தண்ணீர் இறக்கும் வேலை செய்தால் கட்டணம் குறையும் என்று வழி வைத்ததாலும்தான் அது நிலைத்தது. பில் தண்ணீர்த் துறையின் பில்தான், ஆனால் கணக்கு தண்ணீர்க் குழாயிலிருந்து விடுபட்டுவிட்டது.

மதி_டி.சி.

கூட்டு பில் என்றால் எங்கள் டி.சி.யையும் பாருங்கள். டி.சி. வாட்டர் அனுப்பும் ஒரே பில்லில் தண்ணீர் இறங்காத பரப்புக்கென்று இரண்டு தனிக் கட்டணங்கள். ஒன்று டி.சி. வாட்டருக்கு, பழைய கலப்பு வடிகால்களுக்காக (கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுபவை) தோண்டிய பெரும் சுரங்கங்களின் செலவு அதில் போகிறது. இன்னொன்று நகர அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு, அதன் மழைநீர் உரிம வேலைகளுக்கு. இரண்டும் ஒரே அளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன, போகும் கஜானா வேறு. தள்ளுபடித் திட்டமும் தனித்தனி.

ஜனங்களுக்கு இந்த வேறுபாடு லேசில் புரியாது. இரண்டு தடவை வாங்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முதல் கட்டணம் வருஷா வருஷம் ஏறியபோது தேவாலயங்களும் பழைய கல்லறைத் தோட்டங்களும் தாங்க முடியவில்லை என்று முறையிட்டன. கடைசியில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் வருமானம் குறைந்த வீடுகளுக்கும் நகரம் நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. கோயில் கணக்கு அண்ணா, உங்கள் ஊரில் அப்படி ஏதாவது உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

வாடகைவீடு

நான் வாடகைக்கு இருப்பவள். தண்ணீர் பில் என் பெயரில். வீட்டுக்காரர் பின்புறம் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டார். அதற்கான மழைநீர்க் கட்டணம் என் பில்லில் வருகிறது. கான்கிரீட்டை எடுக்க எனக்கு உரிமை இல்லை. தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் உரிமையாளர் கையெழுத்து வேண்டுமாம். அவருக்கு அதில் என்ன அக்கறை, பணம் போவது என்னுடையதுதானே. அளந்து போடுவது நியாயம் என்று மேலே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அளவு சரிதான், ஆள்தான் மாறிவிட்டது.

சாந்தி_பில்லிங்

நீங்கள் சொல்வது உண்மை, தங்கச்சி. தண்ணீர் பில்லில் சேர்ப்பதன் பெரிய குறை இது. சொத்து வரிச் சீட்டில் போட்டால் உரிமையாளருக்கே போகும். சியாட்டிலில் அப்படித்தான், நகரத்தின் வடிகால் கட்டணத்தைக் கிங் கவுன்ட்டி தன் சொத்து வரிச் சீட்டில் சேர்த்து வசூலித்து நகரத்துக்குத் தருகிறது. அதுவும் இரண்டு அரசுகள் சேர்ந்து செய்யும் ஏற்பாடுதான். மீட்டர் இல்லாத மனைப் பிரச்சினையும் அங்கே எழாது, ஏனென்றால் மனைக்கு மனை சீட்டு உண்டு.

ஆனால் அதிலும் தொல்லை இருக்கிறது. பணம் மாதாமாதம் வராது, வருஷத்தில் ஓரிரு தவணைதான். ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு மொத்தமாகக் கட்டுவது சிரமம். சொத்து வரிச் சீட்டே போகாத விலக்கு பெற்ற மனைகளுக்குப் புதிதாகச் சீட்டு உண்டாக்க வேண்டும். வங்கிக் கடன் உள்ள வீட்டில் சீட்டு வங்கிக்குப் போய்விடும், கட்டணம் ஏறியதே உரிமையாளர் கண்ணில் படாது.

தண்ணீர் பில்தான் என்று முடிவானால், கணக்கு குடியிருப்பவர் பெயரில் இருந்தாலும் மழைநீர்க் கட்டணத்தை மட்டும் உரிமையாளருக்குப் பிரித்து அனுப்ப மென்பொருளில் வழி செய்யலாம். செலவு கூடும். ஆனாலும் வாடகை வீடுகள் அதிகமுள்ள ஊரில் அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்வேன்.

நிர்வாகி

நல்ல விவாதம். தனிப்பட்ட வழக்கு விவரங்கள், கணக்கு எண்கள் எதையும் இங்கே போட வேண்டாம்.

சட்டக்குறிப்பு

யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 'வரி வேறு, கட்டணம் வேறு' என்று நீரோட்டம் எளிதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கோட்டின் மேல்தான் பல நகரங்கள் தோற்றிருக்கின்றன.

மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1998-ல் லான்சிங் நகரத்தின் மழைநீர்க் கட்டணம் உண்மையில் வரி, மக்கள் வாக்கு இல்லாமல் போட்டது செல்லாது என்றது. அங்கே வைத்த அளவுகோல் மூன்று: நோக்கம் ஒழுங்குபடுத்துவதா வருவாய் தேடுவதா, வாங்கும் பணம் கொடுக்கும் சேவைக்குத் தகுந்ததா, கட்டுபவர் தன் விருப்பத்தால் பயன்பாட்டைக் குறைக்க முடிகிறதா. மிசௌரியில் செயின்ட் லூயிஸ் கழிவுநீர் மாவட்டத்தின் கட்டணத்துக்கு 2013-ல் இதே கதி. கலிஃபோர்னியாவில் சாலினாஸ் நகரம் 2002-ல் தோற்றது, பிறகு 2017-ல் சட்டமன்றமே கழிவுநீர் என்பதில் மழைநீரும் அடங்கும் என்று சட்டம் போட்டது. ஜெயித்த பக்கமும் உண்டு. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2004-ல் கொலம்பியா கவுன்ட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கிளீவ்லாந்து வட்டாரக் கழிவுநீர் மாவட்டம் கீழே தோற்று, திட்டத்தையே நிறுத்தி வைத்து, 2015-ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது.

கூட்டு ஏற்பாட்டுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். வசூலித்த பணம் கவுன்ட்டியின் பொதுக் கணக்கில் கலந்தால், அல்லது வசூலிக்கும் ஆணையம் தன் உண்மைச் செலவைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டால், 'சேவைக்குத் தகுந்த பணம்' என்ற வாதமே பலவீனமாகும். அதனால் வேலவன் அவர்களே, 'ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு' என்று நீங்கள் எழுதியதில் அந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று வைத்தால், கட்டணம் ஏறும்போதெல்லாம் வசூல் கூலியும் ஏறும். பில் அனுப்பும் செலவு ஏறுவதில்லையே. ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்குக்கும் இவ்வளவு என்று வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை உண்மைச் செலவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதுதான் முறை.

வேலவன்_சி

வரைவில் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. குறித்துக்கொண்டேன், நன்றி. தண்ணீரை நிறுத்தும் விஷயம் யாருக்காவது தெரியுமா?

சார்லட்_செல்வி

வட கரோலினாவில் இருக்கிறேன். இங்கே மாநிலச் சட்டமே பேசியிருக்கிறது. ஒரே பில்லில் பல சேவைகள் இருந்து ஒருவர் பகுதிப் பணம் மட்டும் கட்டினால் எந்தச் சேவைக்கு முதலில் வரவு வைப்பது என்ற வரிசையை நகரம் தன் ஆணையில் எழுதி வைக்கலாம். எழுதிவைக்கும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. மழைநீர் முதலில், தண்ணீர் கடைசியில் என்று எழுதினால், தண்ணீருக்கான தொகையைச் சரியாகக் கட்டிய ஆளின் தண்ணீர்க் கணக்கில் பாக்கி விழும். அதன் பேரில் குழாயை அடைப்பார்கள். மழைநீருக்காகத் தண்ணீரை நிறுத்தவில்லை என்று அவர்களும் சொல்லலாம், காகிதத்தில் அது உண்மையாகவும் இருக்கும்.

சார்லட் ஏற்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் வேலவன் ஊருக்கு மிக நெருக்கமான உதாரணம் இது. சார்லட் நகரமும் மெக்லென்பர்க் கவுன்ட்டியும் 1990-களிலிருந்து மழைநீரைச் சேர்ந்து பார்க்கின்றன. ஹண்டர்ஸ்வில், மேத்யூஸ் போன்ற சிறு ஊர்களும் அதில் உண்டு. கட்டணம் தண்ணீர் பில்லில் வரும். வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கிறது: ஒரு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தின் தண்ணீர் வந்து சேரும் பெரிய ஓடைகள் கவுன்ட்டியின் பொறுப்பு, அதைவிடக் குறைந்த நிலத்தின் தண்ணீர் வரும் குழாயும் சிறு ஓடையும் அந்தந்த நகரத்தின் பொறுப்பு. பில்லில் கட்டும் பணமும் அப்படியே பிரிந்து போகிறது. தண்ணீர் ஊர் எல்லை பார்த்து ஓடுவதில்லை என்பதால் இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. மேட்டு ஊர் பெருக்கிவிடும் தண்ணீர் பள்ளத்து ஊரை மூழ்கடிக்கும்போது, ஓடைக்கு ஒரே பொறுப்பாளர் இருப்பது நல்லது.

வேலவன் ஊரில் சேர்வது வசூலில் மட்டும்தானா, வேலையிலுமா?

வேலவன்_சி

வசூலில் மட்டும். எங்களுக்கும் பக்கத்து நகரத்துக்கும் நடுவில் ஒரே ஓடைதான் ஓடுகிறது. அவர்கள் மேலே, நாங்கள் கீழே. அதைப் பற்றி வரைவில் ஒரு சொல் கிடையாது.

நீரோட்டம்

அப்படியானால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். வடக்குக் கென்டக்கியில் எஸ்.டி.1 என்ற கழிவுநீர் மாவட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களுக்காக உரிம வேலை, ஓடைக் கண்காணிப்பு, வசூல் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. தனித்தனியாக ஒரு பொறியாளர்கூட வைக்க முடியாத ஊர்கள் அவை. கிளீவ்லாந்து மாவட்டம் பெரிய ஓடைகளைத் தானே பார்த்துக்கொண்டு, வசூலில் கால் பங்கை அந்தந்த ஊரின் உள்ளூர் மழைநீர் வேலைக்கென்று ஒதுக்கி வைக்கிறது. செய்த வேலைக்குக் கணக்குக் காட்டி ஊர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே உறையில் பில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரே ஓடைக்கு ஒரு திட்டம் போட முடியாதா? ஒப்பந்தத்தில் வசூலோடு இன்னொரு பிரிவாக, கூட்டு ஓடைக்கு இரு ஊரும் வருஷா வருஷம் இவ்வளவு ஒதுக்கும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். முதல் வருஷம் சிறு தொகையாகவே இருக்கட்டும். பிறகு சேர்ப்பது மிகக் கடினம், இரண்டு கவுன்சிலும் மறுபடி வாக்களிக்க வேண்டும்.

கோபு_மேரிலாந்து

இவ்வளவு படித்த பிறகு ஒன்று சொல்கிறேன். கட்டணத்தை எதிர்த்துத்தான் வந்தேன். இப்போதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை பில்லோடு ஒரு பக்கக் கணக்கு வந்தால், என்ன குழாய் மாற்றினார்கள், எந்தத் தெருவில், எவ்வளவுக்கு என்று, எனக்கு அது போதும். கூட்டு பில்லில் அதை அனுப்பத் தனிச் செலவும் கிடையாது, உறை ஏற்கெனவே போகிறது. அதை ஒப்பந்தத்தில் கடமையாகவே எழுதுங்கள். தண்ணீர் நிறுத்தம் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. பாக்கி வந்தால் சொத்தின் மேல் லீன் (பாக்கிக்கான சட்டப் பிடிமானம்) போடட்டும், வீட்டை விற்கும்போது அதைத் தீர்த்தால்தான் பத்திரம் கைமாறும், பணம் எங்கேயும் ஓடிவிடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வடிகால் பாக்கிக்காகக் குழாயை அடைப்பதை எந்த நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

வாடகைவீடு

லீன் உரிமையாளர் சொத்தின் மேல்தான் விழும். அப்போதாவது எங்கள் வீட்டுக்காரர் தள்ளுபடி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார்.

கோயில்_கணக்கு

ஒரு செய்தி. இங்கே படித்ததை வைத்து நகரப் பொறியாளரை நேரில் பார்த்தேன். பார்க்கிங்கின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தேங்கி இறங்கும்படி பள்ளத் தோட்டம் அமைத்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம். ஆனால் பராமரிப்பு உறுதிமொழி கேட்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை வந்து சோதிப்பார்களாம். கமிட்டியில் வைக்கிறேன். நீரோட்டம் சார், மண் களிமண், அதில் இறங்குமா?

நீரோட்டம்

களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். அடியில் சரளையும் துளையிட்ட குழாயும் வைத்து, மேலே மணல் கலந்த மண் போட்டால் நிற்கும் தண்ணீர் மெல்ல வடிகாலுக்குப் போகும். இறங்குகிற அளவு குறைந்தாலும் ஓட்டத்தின் வேகம் குறையும், அழுக்கும் வடிகட்டும். தள்ளுபடி எதற்குத் தருகிறார்கள், அளவுக்கா தரத்துக்கா, என்று கேட்டுவிட்டு வடிவமையுங்கள். அதற்கு முன் மண்ணில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் நன்றாக இருந்து கொசுக்குட்டையாகப் போன தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலவன்_சி

எல்லோருக்கும் நன்றி. பொது விசாரணைக்கு எழுத்தில் கொடுக்கப்போவதைத் தயார் செய்துவிட்டேன். பகுதிப் பணம் வந்தால் குடிநீருக்கே முதல் வரவு, மழைநீர்ப் பாக்கிக்காகத் தண்ணீர் நிறுத்தம் கூடாது, வசூல் கூலி கணக்குக்கு இவ்வளவு என்று உண்மைச் செலவில், மனைப் பட்டியலுக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர், புகாருக்கு ஒரே தொலைபேசி எண், வாடகை வீடுகளில் உரிமையாளருக்குத் தனி பில், கூட்டு ஓடைக்கு ஒதுக்கீடு, வருஷக் கணக்கு. சாந்தி அக்கா, ஒப்பந்தத்திலிருந்து எங்கள் நகரம் விலக நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டுமா?

சாந்தி_பில்லிங்

கட்டாயம் கேளுங்கள் தம்பி. விலக ஒரு வருஷமாவது முன்னறிவிப்பு வேண்டும். விலகும்போது கணக்கு விவரங்கள், பாக்கிப் பட்டியல், முகவரிகள் எந்த வடிவில் உங்கள் கைக்கு வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறுங்கையோடுதான் வெளியே வருவீர்கள்.

இன்னொன்று. உண்மை பில் போவதற்கு இரண்டு சுற்று முன்னால், பணம் கேட்காத மாதிரி பில் ஒன்றை எல்லா மனைகளுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மனையில் இவ்வளவு பரப்பு, வரப்போகும் கட்டணம் இவ்வளவு, தவறென்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று வான்வழிப் படத்தோடு. தபால் செலவு ஆகும் என்று தயங்குவார்கள். தவறான முகவரி, இடித்த வீடு, பெயர் மாறிய மனை எல்லாம் அந்தச் சுற்றிலேயே வெளியே வந்துவிடும், யாருக்கும் தாமதக் கட்டணம் ஏறாது. விசாரணை முடிந்ததும் கவுன்சில் என்ன சொன்னது என்று இங்கே எழுதுங்கள்.